கோதண்டத்தின் பக்கம் திரும்பிய வாள்கள்

சுண்ணாம்புப் புழுதி பெய்து பெய்து காக்கைகள்கூடக் கொஞ்சம் வெளுத்துப்போயிருந்த ஒரு சிமென்ட் ஆலைக் குடியிருப்பில், ஆலையின் சோதனைக்கூடத்தில் சிமென்ட் கட்டிகளை இயந்திரத்துக்குள் வைத்து அழுத்தி, எத்தனை பாரத்தில் அவை உடைகின்றன என்று எழுதிவைப்பதையே முப்பது வருடமாக வேலையாகச் செய்துவந்த ஜெசிந்தா, தனக்கு வந்த பதினோரு வரன்களையும் ஒரே காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பியவள். மற்ற பெண்கள் மாப்பிள்ளையிடம் ஏதாவது குறை கண்டு வேண்டாம் என்பார்கள். ஜெசிந்தாவோ, "பையன்கிட்ட ஒரு குறைகூடக் கிடையாதுன்னு தரகர் சொல்றாரு. குறையே இல்லாத ஆளோட உக்காந்து நான் என்னத்தப் பேசுறது?" என்று கேட்டு, பதினோரு குடும்பத்துக்கும் காப்பி கொடுத்து வழியனுப்பிவைத்தாள். இப்போது ஐம்பத்திரண்டு வயதில் பி-7 குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தாள். அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று காலனி நம்பியது. அவளும் நம்பினாள்.

வருத்தப்பட நேரமும் இல்லை, ஏனென்றால் அவளுக்கு ஆள்வதற்கு ஒரு நாடு இருந்தது. அண்ணன் மகன் வெளிநாடு போகும்போது விட்டுச்சென்ற ஒரு பெட்டிக்குள் இருபது முகமுள்ள பகடையும் தடித்த விதிப்புத்தகமும் கிடந்தன. அதை இரண்டு மாதம் உட்கார்ந்து படித்த ஜெசிந்தா, அதிலிருந்த பனிமலைகளையும் வாயில் நுழையாத பெயர்களையும் தூக்கிப்போட்டுவிட்டு, ஏழு ஆறுகள் ஓடுகிற எழுகரை என்ற நாட்டைத் தானே உண்டாக்கி, ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு மனமகிழ் மன்றத்தில் கேரம் பலகைகளுக்குப் பின்னாலிருந்த வட்டமேசையில் அதை நடத்திவந்தாள். ஆட்டம் எளிதானது. அவள் கதை சொல்வாள், மற்ற மூன்று பேரும் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து இன்னது செய்கிறேன் என்பார்கள், செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்கைப் பார்த்துக்கொண்ட நசீர், அடுத்தவர் பேனாவைக்கூடக் கேட்காமல் தொடாத மனிதர், ஆட்டத்தில் பூட்டுடைக்கும் திருடனாக இருந்தார். கேன்டீனை நடத்திய பூங்கோதை, எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் தீ வைத்துவிட்டு அப்புறம் யோசிக்கிற மந்திரக்காரியாக இருந்தாள். மூன்றாவது ஆள் கோதண்டம். அறுபது மீட்டர் நீள இரும்பு உருளையாகப் படுத்துச் சுழன்றபடி சுண்ணாம்புக்கல்லைச் சுடுகிற சூளைக்கு அவர்தான் ஆப்பரேட்டர். மனைவி இறந்து பத்து வருடமாக சி-14-இல் தனியாக இருந்தார், ஒரே மகள் யாழினி திருப்பூரில் குடும்பமாக இருந்தாள். பேசத் தொடங்கும் முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், துடைத்து முடிப்பதற்குள் சொல்ல வந்தது மறந்துபோகும். ஆட்டத்தில் மட்டும் அவர் ஏழடி உயரப் போர்வீரன். ஒரு வில்லின் பெயரை வைத்துக்கொண்டு பதினெட்டு வருடமாக அந்த மனிதர் கேட்டதெல்லாம் ஒரு நல்ல வாள்.

வாள்தான் ஜெசிந்தாவின் கௌரவம். எழுகரையில் கிடைக்கிற ஒவ்வொரு மந்திர வாளையும் அவள் கட்டம்போட்ட நோட்டு ஒன்றில் பக்கத்துக்கு ஒன்றாக எழுதினாள், ஒவ்வொன்றுக்கும் பெயருக்குக் கீழே மூன்று வரி இருக்கும்: வரம், விலை, வீம்பு. வாளால் என்ன நல்லது என்பது வரம். அதற்காக ஏந்துபவர் என்ன இழக்கவேண்டும் என்பது விலை. யார் சொன்னாலும் கேட்காமல் அந்த வாள் தன்பாட்டுக்குச் செய்கிற காரியம் வீம்பு. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வாள் ஆகாது என்பது அவள் கட்சி.

"மேடம், பதினெட்டு வருஷமாக் கேக்குறேன்," என்பார் கோதண்டம். "ஒரே ஒரு வாள். ஓட்டை இல்லாத வாள். எடுத்தா வெட்டணும், அவ்வளவுதான். தாக்குதலுக்குக் கூடுதல் மூணுன்னு போட்டுக் குடுத்துருங்களேன்."

"அதுக்குப் பேரு வாள் இல்ல சார், இன்கிரிமென்ட்டு."

"போன தடவ குடுத்தீங்களே, எதிரி சிரிச்சா மழுங்கிப்போற வாள். அந்த ஒத்தக்கண் ராட்சசன் என்னப் பாத்ததும் சிரிச்சுட்டான்."

"அப்புறம் நீங்க என்ன பண்ணீங்க?"

கோதண்டம் கண்ணாடியைத் துடைத்தார். "அவனுக்கு ஒரு சோகக் கதை சொன்னேன்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு ஞாயித்துக்கிழமை."

"கூடுதல் மூணு குடுத்திருந்தா ரெண்டு நிமிஷத்துல வெட்டிட்டு டீ குடிக்கப் போயிருப்பீங்க. அவன் அழுத அழுகைய நாம இன்னும் பேசிட்டிருக்கோம்," என்று சொல்லி ஜெசிந்தா பகடையை அவர் பக்கம் தள்ளினாள். தள்ளும்போது எப்போதும் ஆறாவது முகம் மேலே இருக்கும்படி வைத்துத் தள்ளினாள், ஏனென்றால் அது ராசி என்று கோதண்டம் ஒருதடவை சொல்லியிருந்தார். அவர் அதைச் சொல்லிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் அவள் 'மன்னிப்பு' என்ற வாளை எழுதினாள். எதையும் வெட்டும் என்பது வரம். வெட்டப்படுவதிடம் மனதார மன்னிப்புக் கேட்டால்தான் வெட்டும் என்பது விலை. பொய்யாகக் கேட்டால் கைப்பிடி வழுக்கும் என்பது வீம்பு. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கேன்டீனைத் திறந்த பூங்கோதை, சாம்பார்க் கரண்டிகளுக்கு நடுவில் நீலத்துணி சுற்றிய பிடியோடு ஒரு வாள் மாட்டியிருப்பதைக் கண்டு, நேற்று கேட்ட அடையாளமெல்லாம் அப்படியே இருக்கவே, அதைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, ஒரு சேனைக்கிழங்கை எடுத்து வைத்தாள். வெட்டவில்லை. "மன்னிச்சுக்க சாமி, இருநூறு பேருக்குக் கூட்டு வைக்கணும்," என்றாள். கிழங்கு வெண்ணெய்போல இரண்டானது.

அன்றிலிருந்து கேன்டீனில் பூசணியிடமும் முட்டைக்கோஸிடமும் மன்னிப்புக் கேட்கிற சத்தம் காலையில் பஜனைபோல எழுந்தது, சாப்பாடு இருபது நிமிடம் தாமதமானது. காய் நறுக்குகிற பெண்கள் மன்னிப்புக் கேட்டுப் பழகிப்போய் வீட்டில் புருஷனிடமும் தவறுதலாகக் கேட்டுவிட, அதிர்ந்துபோன புருஷன்மார் இரண்டு நாள் வாய்திறக்காமல் தாங்களே பாத்திரம் கழுவினார்கள். இதைத் தவிர அந்த வாளால் பெரிய மாற்றம் எதுவும் வரவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் அறவாழி மட்டும் ஜெசிந்தாவைத் தேடி வந்து, "மேடம், ஒண்ணே ஒண்ணு தெளிவாத் தெரியணும். இது கம்பெனி சொத்தா, சங்கத்துச் சொத்தா, உங்க சொத்தா?" என்று கேட்டார்.

"எழுகரை நாட்டுச் சொத்து," என்றாள் ஜெசிந்தா.

"அப்ப நமக்குப் பிரச்சினை இல்ல," என்று நிம்மதியாகப் போனார்.

எழுதிய மறுநாள் காலையில் வாள் வந்துவிடுவது வழக்கமாயிற்று. 'ஈரக்கை' என்ற வாள், எந்நேரமும் வியர்த்து ஒழுகுவது, மன்றத்து வாசல் வேப்பமரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பிடித்தவருக்கு மூன்று நாள் தும்மல் என்பது அதன் விலையாகையால் அதை யாரும் எடுக்கவில்லை, கீழே ஒரு மல்லிகைப் பதியன் நட்டுவிட்டார்கள். 'கடைசிச் சொல்' என்ற வாள் சங்க அலுவலகத்துச் சுவரில் வந்து சேர்ந்தது. எந்தப் பேச்சிலும் கடைசி வார்த்தை தன்னுடையதாக இருக்கவேண்டும் என்பது அதன் வீம்பு. தண்ணீர் திறக்கிற நேரம் காலை ஐந்தரையா ஆறா என்று ஒன்பது மாதமாக முடிவுக்கு வராத கூட்டத்தில், எல்லோரும் பேசி ஓய்ந்த ஒரு நொடியில் சுவரிலிருந்து, "சரி, கெளம்புங்க," என்று குரல் வந்தது. கிளம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு சங்கக் கூட்டம் எதுவும் முக்கால் மணியைத் தாண்டவில்லை.

அந்த வாள்களில் ஜெசிந்தா எழுதாத ஒரு குணம் இருந்ததை முதலில் கண்டவள் பூங்கோதை. வேலை முடிந்து 'மன்னிப்பு' வாளை மேசையில் கிடத்தினால், அது கடிகார முள்போல மெல்ல நகர்ந்து ஒரு திசையில் நுனியை வைத்து நிற்கும். காலை ஷிஃப்டில் சூளைப் பக்கம் நின்றது. மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் விட்டதும் நகர ஆரம்பித்து, சைக்கிள் வேகத்தில் திரும்பி, இரண்டேகாலுக்கு சி-14 பக்கம் வந்து ஓய்ந்தது. நான்கு நாள் பார்த்த பூங்கோதை ஐந்தாம் நாள் ஜெசிந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"காந்தம்," என்றாள் ஜெசிந்தா. முப்பது வருடம் சோதனைக்கூடத்தில் இருந்தவள். "சூளை எவ்வளவு பெரிய இரும்பு. அது இழுக்காம வேற என்ன செய்யும்?"

"ரெண்டு மணிக்கு மேல சி-14 பக்கம் திரும்புதே?"

"மிச்சமிருக்குற காந்தம்."

அடுத்த சனிக்கிழமை காலை வாள் டவுன் பஸ் போகிற சாலையை நோக்கி நின்றது, பதினோரு மணிக்கு அதே சாலையிலிருந்து திரும்பிவந்தது. சற்று நேரத்தில் கோதண்டம் புதிதாக முடிவெட்டிய தலையோடு டீ குடிக்க வந்தார். பூங்கோதை ஜெசிந்தாவின் காதருகே குனிந்து, "சூளை முடிவெட்டிக்கப் போயிருந்துச்சா மேடம்?" என்றாள்.

ஜெசிந்தா கையிலிருந்த வடையைப் பார்த்தபடி, இதில் உப்புக் கம்மி என்றாள். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஒரு வாரத்துக்குள் காலனி முழுக்கத் தெரிந்துபோயிற்று, ஆனால் அந்தக் காலனியில் தண்ணீர்க்குழாய்ச் சண்டையைக்கூட மறைக்கத் தெரியாதவர்கள், இந்த ஒன்றை மட்டும் வெல்லத்தைப்போல நாக்குக்கடியில் வைத்துக்கொண்டார்கள். ஜெசிந்தாவிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, கோதண்டத்திடம் யாரும் மூச்சுவிடவில்லை, வாள்களால் ஏற்பட்ட வசதியை மட்டும் தயங்காமல் பயன்படுத்தினார்கள். சூளையில் கோளாறு என்று போன் வந்தால், ஆப்பரேட்டர் வீட்டில் இருக்கிறாரா கடைக்குப் போனாரா என்று ஆளனுப்பாமல், கேன்டீன் மேசையை எட்டிப்பார்த்தார்கள். தீபாவளிக்கு மறுநாள் அவர் எங்கும் அகப்படாமல் போனபோது, சுரங்கத்து சர்வேயர் கேன்டீன் வாளிலிருந்து ஒரு கோடும் சங்க அலுவலகத்து வாளிலிருந்து ஒரு கோடும் வரைபடத்தில் இழுத்து, இரண்டும் வெட்டுகிற இடத்துக்கு ஜீப்பை அனுப்பினார். பழைய குவாரிக் குட்டையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்த கோதண்டம், "நான் இங்க இருக்கேன்னு யாரு சொன்னா?" என்று கேட்டதற்கு, ஜீப்பில் போன இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தார்கள்.

ஜெசிந்தாவுக்குக் கோபம் வந்தது. எழுதியவளைக் கேட்காமல் ஒரு வாள் எப்படி நடந்துகொள்ளலாம்? கார்த்திகை மாதத்தில் அவள் பென்சிலை நன்றாகச் சீவிக்கொண்டு 'நடுநிலை' என்ற வாளை எழுதி, வீம்பு என்ற வரியில், 'எந்தச் சூழ்நிலையிலும் எவரையும் நோக்கித் திரும்பாது' என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடிட்டாள். மறுநாள் அது மன்றத்து வட்டமேசையில் வந்து கிடந்தது. சொன்னபடி கோதண்டத்தை நோக்கித் திரும்பவில்லை. அவருக்கு நேர் எதிராகத் திரும்பிக்கொண்டது. அவர் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தால் அது சுவரைப் பார்த்தது, சுவரோரம் போனால் ஜன்னலைப் பார்த்தது, வீட்டில் கோபித்துக்கொண்டு முதுகைக் காட்டிப் படுத்திருப்பவர்களைப்போல இருந்தது. நசீர் எழுந்துபோய் கேரம் காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினார், தோள் மட்டும் குலுங்கியது.

"இந்த வாளுக்கு என்மேல என்ன மேடம் வருத்தம்?" என்றார் கோதண்டம்.

"பகடைய உருட்டுங்க சார்," என்றாள் ஜெசிந்தா.

இப்படியே போயிருக்கும். ஆனால் கோதண்டத்துக்கு வைகாசியில் ஐம்பத்தெட்டு முடிந்தது. மே மாதக் கடைசி நாளில் பணி ஓய்வு, அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் குவார்ட்டர்ஸைக் காலிசெய்ய வேண்டும். யாழினி திருப்பூரில் மாடியறையைப் பெயின்ட் அடித்து வைத்துவிட்டாள். செய்தி தெரிந்ததும் காலனி சோர்ந்துபோனது. "அவரு அங்க போயிட்டா அத்தன வாளும் மேக்க பாத்து நின்னுரும்," என்று பூங்கோதை அறவாழியிடம் முறையிட்டாள். "சோறு போடுற நேரமெல்லாம் நான் திருப்பூரப் பாத்துக்கிட்டே கரண்டி பிடிக்கணுமா?" அறவாழி, இதற்கு விதியில் இடமில்லை என்று வருத்தத்தோடு சொன்னார்.

ஜெசிந்தா சோதனைக்கூடத்தில் சிமென்ட் கட்டிகளை உடைத்தாள், எண்களை எழுதினாள், ஒருநாள் இருபத்தெட்டு என்று எழுதவேண்டிய இடத்தில் பதினான்கு என்று எழுதிவிட்டு, முப்பது வருடத்தில் முதல்தடவையாக ஒரு பக்கத்தைக் கிழித்தாள். மே மாதத்து மூன்றாம் ஞாயிறு, ஆட்டம் முடிந்து பகடையைப் பெட்டியில் வைக்கும்போது, கோதண்டம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதிசயமாகச் சொல்ல வந்ததை மறக்கவில்லை.

"மேடம், போறதுக்கு முன்னாடி என் வீரனுக்கு அந்த ஓட்டையில்லாத வாள்... இந்த ஒரு தடவ?"

அவர் இனிக் கேட்கப்போவதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று நாள் உட்கார்ந்தாள். விலை என்ற வார்த்தைக்கு எதிரே 'இல்லை' என்று எழுதக் கை கூசியது, ஆனாலும் எழுதினாள். வீம்பு என்ற வார்த்தைக்கு எதிரேயும் 'இல்லை' என்று எழுதினாள். அவள் கொள்கையை அவருக்காக விட்டாள், அதைவிடப் பெரிதாக விடுவதற்கு அவளிடம் வேறொன்றும் இல்லை.

மறுநாள் காலை சி-14 வாசலில் அந்த வாள் இருந்தது. கோதண்டம் அதைத் தூக்கிக்கொண்டு கேன்டீனுக்கு வந்தார், எல்லோரும் கூடிப் பார்த்தார்கள். நிலவைத் தகடாக அடித்ததுபோல இருந்தது, எந்தப் பொருளையும் தொட்ட மாத்திரத்தில் வெட்டியது, எடையே தெரியவில்லை. மேசையில் வைத்தார்கள். வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது. கோதண்டம் இந்தப் பக்கம் வந்தார், அந்தப் பக்கம் போனார், ஒரு முழுச்சுற்றும் சுற்றிவந்தார். அது அசையவில்லை. பூங்கோதை பார்வையைத் திருப்பிக்கொண்டு இட்லித்தட்டைத் தேவையில்லாமல் துடைத்தாள்.

அன்று பதினோரு மணிக்கு அவர் சோதனைக்கூடத்துக்கு வந்தார். பதினெட்டு வருடத்தில் அவர் அங்கே வந்ததில்லை. ஜெசிந்தா இயந்திரத்துக்குள் ஒரு கட்டியை வைத்து அழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். எண் மேலே போய்க்கொண்டிருந்தது.

"மேடம், வாள் ரொம்ப நல்லாருக்கு."

"நீங்க கேட்டதுதான சார்."

"ஆமா, கேட்டேன்." கண்ணாடியைத் துடைக்கவில்லை. "ஆனா அது என்னப் பாக்கவே மாட்டேங்குது."

ஜெசிந்தா எண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மத்ததெல்லாம் பாத்துச்சே மேடம். பத்து மாசமா தினமும் காலையில கேன்டீனுக்கு வந்து டீ குடிச்சேனே, எதுக்குன்னு நெனைக்கிறீங்க? அது திரும்புறதப் பாக்கத்தான். வேணும்னே ரெண்டு தடவ சுத்தி நடப்பேன். எனக்கு டீயே புடிக்காது."

"அது காந்தம்," என்றாள் ஜெசிந்தா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சரி."

"சூளை இரும்பு."

"சரி மேடம்."

கட்டி உடைந்தது. வழக்கமான சத்தம்தான், ஆனால் அவள் துள்ளிவிட்டாள். எண்ணை எழுதவேண்டும் என்பதும் மறந்து அவரைப் பார்த்தாள். பதினோரு வரன்களை நேருக்கு நேர் பார்த்து வேண்டாம் என்று சொன்னவளுக்கு, வேண்டும் என்பதை எப்படிச் சொல்வது என்று யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை.

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"துடைச்சு முடிக்கிறதுக்குள்ள மறந்துபோயிடும்," என்றார் கோதண்டம். "இன்னைக்குக் கண்ணாடிய வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன். நீங்க எங்க நிக்கிறீங்கன்னு குத்துமதிப்பாத்தான் தெரியுது."

அவள் சிரிக்கவில்லை, சிரித்தால் வேறேதாவது வந்துவிடும் என்று பயந்தாள். அவர் மேசையைத் தடவி அந்தக் கட்டம்போட்ட நோட்டை எடுத்து, கண்ணருகே வைத்துத் தன் வாளின் பக்கத்தைத் தேடிப்பிடித்து, பென்சிலுக்குக் கை நீட்டினார். அந்த நோட்டில் இன்னொருவர் எழுதியதில்லை. ஜெசிந்தா கொடுத்தாள். அவர் விலை என்ற வரியில் ஏதோ எழுதினார், வீம்பு என்ற வரியில் அதைவிடக் கொஞ்சம் நீளமாக எழுதினார், மூடி அவள் கையில் கொடுத்துவிட்டு, "நாளைக்குக் காலையில பாருங்க, இப்ப பாக்காதீங்க," என்று கதவென்று நினைத்து அலமாரிப் பக்கம் நடந்து, அப்புறம் கதவைக் கண்டுபிடித்துப் போனார்.

அன்று அவள் அந்த நோட்டைப் பதினேழு தடவை கையில் எடுத்தாள். அட்டையை நான்கு தடவை திறந்தாள். அந்தப் பக்கம் வரைக்கும் போகவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜெசிந்தா கேன்டீனுக்குள் நுழைந்தபோது, முதல் ஷிஃப்டும் பொது ஷிஃப்டும் சுரங்கத்து ஆட்களும் ஒரே நேரத்தில் அங்கே உட்கார்ந்து, தலையைக் குனிந்து, பொங்கலில் மிளகை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நடு மேசையில் இரண்டு வாள்கள் கிடந்தன. 'மன்னிப்பு' வழக்கம்போலச் சூளைப் பக்கம் பார்த்தது. பக்கத்தில் அந்தப் புது வாள், முந்தின நாள் இருந்த பளபளப்புக் குறைந்து, நுனி ஒரு நூலளவு கோணி, வாசலைப் பார்த்தது. ஜெசிந்தா வாசலில் நின்றிருந்தாள்.

இடப்பக்கம் இரண்டடி வைத்தாள். வாள் இரண்டடி திரும்பியது. வலப்பக்கம் போனாள். வந்தது. சுற்றி யாரும் பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டு மேசையை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றினாள், அதுவும் அவளோடு முழுதாக ஒரு சுற்றுச் சுற்றியது.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க மேடம்," என்றாள் பூங்கோதை, கரண்டியைக் கீழே வைக்காமல். "காந்தமா இருந்துறப் போகுது."

"பொங்கல் இருக்கா?" என்றாள் ஜெசிந்தா. உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, அந்தப் பக்கத்தை எடுத்தாள். எழுத்துக்கள் கண்ணாடி இல்லாமல் எழுதியதால் கட்டத்தை விட்டு மேலும் கீழுமாக ஓடின. 'விலை: ஏந்துபவர் தூக்கத்தில் குறட்டை விடுவார், சொல்லவந்ததை மறப்பார், மீன் வாடை அடிக்கும். வீம்பு: எழுதினவரைத் தவிர வேறு யாரையும் பார்க்காது, பார்க்கச் சொன்னாலும் கேட்காது.' அவள் நோட்டை மூடிவிட்டு பொங்கலைச் சாப்பிட்டாள். பாதியில் நிறுத்தி, முந்தானையால் கண்ணைத் துடைத்து, மிளகு என்றாள். எல்லோரும் ஆமாம், மிளகு அதிகம் என்றார்கள்.

திருமணத்தைப் பதிவு அலுவலகத்தில் வைத்துக்கொள்ள முடிவாயிற்று. கோயிலா சர்ச்சா என்று சங்கத்தில் இரண்டு கருத்து எழுந்தது, இரண்டைப் பற்றியும் தங்களிடம் ஒரு கருத்தும் இல்லை என்று மணமக்கள் சொல்லிவிட்டார்கள். அறிவிப்பு ஒட்டி முப்பது நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த முப்பது நாளும் கோதண்டம் கேன்டீனில் டீ கேட்கவில்லை, மோர் கேட்டார். பெண்ணின் குவார்ட்டர்ஸில் ஓய்வுபெற்ற புருஷன் குடியிருக்கலாமா என்ற கேள்வியை அறவாழி கூட்டத்தில் வைத்து, விதிப்படி இது முன்னெப்போதும் நேராத விஷயம் என்று விளக்கத் தொடங்கினார். சுவரிலிருந்த வாள் அவர் மூச்சுவாங்கிய இடத்தில், "இருக்கட்டும், கெளம்புங்க," என்றது. தீர்மானமாக எழுதிக்கொண்டார்கள்.

யாழினி ஜூன் மாதக் கடைசியில், கல்யாணத்துக்கு மறுநாள் சாமான் ஏற்றுவதற்கென்று திருப்பூரிலிருந்து ஒரு வேன் பேசிக்கொண்டு வந்தாள். அப்பாவிடம், "எத்தன வருஷமாப்பா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அவர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கியதும் மேற்கொண்டு கேட்காமல் விட்டுவிட்டாள். கட்டில், பீரோ, மனைவியின் படம், தூண்டில்கள், இருபது வருடத்துச் சட்டைகள் எல்லாவற்றையும் ஏற்றிக் கயிறு கட்டிவிட்டு வேன் டிரைவர் ஏறி உட்கார்ந்தார்.

"எங்கம்மா போகணும்?"

"பி-7. அந்தா தெரியுதுல்ல, முருங்கமரம் இருக்கிற வீடு."

டிரைவர் முருங்கை மரத்தைப் பார்த்தார், யாழினியைப் பார்த்தார், நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவந்த சாலையை நினைத்துப்பார்த்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாண்ணே. மெதுவாப் போங்க, அப்பா முன்னாடி நடந்து வர்றாரு."

அவர் நடந்தார், செருப்பையும் சேர்த்துக் கட்டி வேனில் போட்டுவிட்டதால் வெறுங்காலோடு. பின்னால் வேன் சப்பரம்போல ஊர்ந்துவந்தது, சந்துக்குச் சந்து ஆட்கள் வேலைக்குப் போகிற பாவனையில் நின்றிருந்தார்கள். பி-7 வாசலில் ஜெசிந்தா நின்றாள். பதினெட்டு வருடம் அந்த மனிதருக்குக் குகைகளையும் அரண்மனைகளையும் அரக்கர்களையும் திக்காமல் திணறாமல் வர்ணித்தவள், இப்போது சொல்வதற்கு ஒரு நல்ல வாக்கியம் தேடினாள். இரவெல்லாம் தேடியும் அகப்படவில்லை. அவர் படியருகே வந்து, தார் சூட்டில் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"கால் சுடுமே," என்றாள். "உள்ள வாங்க."